வண்டியைத் திருப்பினால் 'டொக்' சத்தம்: சஸ்பென்ஷன் முழுக்க மாற்றத்தான் வேண்டுமா?

குளச்சலிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார், 96,000 கிலோமீட்டர் ஓடியது. வீட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒன்றிரண்டு தரம் அடிக்கிறது. மெதுவாக வளைவு திரும்பும்போதும் சில நேரம் கேட்கிறது, நேராக ஓடினால் இல்லை. இரண்டு மாதம் முன்பு இரண்டு பக்கமும் லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) மாற்றியும் சத்தம் போகவில்லை. இப்போது வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற இரும்புக் கை) இரண்டு, ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். "சஸ்பென்ஷன் முழுசும் போயிருக்குமா?" என்பது அவர் கேள்வி. அவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டு விஷயம் என்று எனக்குப் படுகிறது. இப்படியே தினமும் திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் போய்வந்தால் நடுவழியில் ஏதாவது கழன்றுவிடுமா? அந்த 42,000-ல் உண்மையிலேயே தேவையானது எவ்வளவு?

நான் கோணம் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 26 வருஷமாகத் தக்கலைப் பக்கம் வண்டிக்கு அடியில் கிடக்கிறவன். சத்தத்தை எழுத்தில் படித்துவிட்டு நோய் சொல்வது போனில் நாடி பிடிக்கிற மாதிரிதான். அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். நான் சொல்வதெல்லாம் முன்சக்கரம் இழுக்கிற சாதாரணக் கார்களுக்கு. ஏர் சஸ்பென்ஷன் வைத்த பெரிய வண்டிகள் என் கைக்கு வந்ததில்லை.

எந்த பார்ட் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு 'டொக்' என்று கேட்பது இன்னொருவருக்குக் 'கடக்'. அந்தச் சொல்லை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் வண்டி அசையாமல் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே வருகிறதா, உருண்டால்தான் வருகிறதா, உருளும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுகிறதா, பிரேக் மிதிக்கும்போது வருகிறதா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வருகிறதா என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு பார்ட்டும் ஒவ்வொரு நேரத்தில் பாரம் வாங்குகிறது. நின்ற இடத்தில் திருப்பும்போது ஆக்சில் சுற்றுவதே இல்லை, ஆகவே அப்போது வருகிற சத்தத்துக்கு ஆக்சிலைக் குறை சொல்ல வழியில்லை. நீங்கள் எழுதியிருக்கிற 'ரிவர்ஸ் எடுத்து முழுக்க ஒடிக்கும்போது' என்பதில் ஸ்டியரிங், கியர், பிரேக், வாசல் பள்ளம் நான்கும் கலந்து கிடக்கிறது. முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம். ஒரு வண்டியை அரை நாள் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்டெப்னிக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த இரண்டு தேங்காயை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஜாக்கி, ஜாக்கிக் கம்பி, ஸ்டெப்னி எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, வீட்டு முற்றத்தில் டைல்ஸோ வழவழப்பான சிமெண்டோ போட்டிருந்தால், நின்ற இடத்தில் திருப்பும்போது டயர் தரையோடு தேய்ந்து கீச்சிடும். அது நோயே அல்ல. சோதனையை மண் தரையிலோ சாதாரணத் தார் ரோட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் சோதனை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடட்டும். ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். நீங்கள் வெளியே நின்று, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு முன்பக்க ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை லேசாக வையுங்கள். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் விரலை நுழைக்கக் கூடாது, இது முக்கியம். ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு திரும்பினால் நல்லது. கொஞ்ச தூரம் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு துள்ளி விடுபட்டு, அதே நொடியில் 'டொக்' அல்லது 'டொய்ங்' என்று கேட்டால் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்தான் குற்றவாளி. ஸ்பிரிங் முறிந்திருந்தாலும் இப்படித் தோன்றும், அதைப் பின்னால் சொல்கிறேன்; ஸ்பிரிங் முழுசாக இருந்தால் இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. காது ஏமாற்றும், உள்ளங்கை ஏமாற்றாது.

அது ஏன் அப்படி ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். நம்முடைய சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், 1940களில் அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் வடிவமைத்தது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று, கீழே சக்கரத்தைப் பிடித்து, மேலே பாடியில் முட்டிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்தத் தூண் முழுவதும் சக்கரத்தோடு திரும்ப வேண்டும். பாடி திரும்பாது. இந்த இரண்டுக்கும் நடுவில் தட்டையாக ஒரு பேரிங் இருக்கிறது. அது துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டால், ஸ்பிரிங் முறுக்கு வாங்கிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் தாங்காமல் துள்ளும். இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். பேரிங் இறுகிய வண்டியில் வராது, நாம்தான் இழுத்து நேராக்க வேண்டும். நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் 'ஸ்டியரிங்கும் முன்னைப்போலத் திரும்பி வருவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உங்கள் கேள்வியிலேயே கண்ணில் குத்திய வரி அதுதான்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்து வண்டிகளில் இந்த பேரிங் சீக்கிரம் போவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. போதாததற்கு நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பானட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும், நடுவில் ஒரு நட். அதன்மேல் பல வண்டிகளில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி ஒன்று வரும். வேலை செய்கிறவர்கள் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுவார்கள், பிறகு அது திரும்புவதில்லை. கண்ணாடி வழியாக வடிகிற மழைத்தண்ணீர் நேராக அந்தக் குழிக்குள் இறங்கும். உங்கள் வண்டியில் அந்த மூடி இருக்கிறதா, நட்டைச் சுற்றித் துரு பொங்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். துரு தெரிந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல, சந்தேகம் கூடுகிறது, அவ்வளவுதான்.

நின்ற இடத்தில் சத்தமே வரவில்லை, உருண்டால்தான் வருகிறது என்றால் கதை வேறு. காலியான மைதானம் ஒன்றுக்கு ஓட்டிப் போங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் வட்டம் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்கள். 'டக் டக் டக் டக்' என்று சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு வந்து, வேகம் கூடினால் அதுவும் வேகமாகி, ஆக்சிலேட்டரை விட்டால் தணிந்தால், அது ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பிய நிலையிலும் ஆக்சில் அதைச் சுற்ற விடுகிற மூட்டு. அந்த ஜாயிண்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் ஓடுகின்றன. பள்ளம் தேய்ந்தால் வளைந்த நிலையில் பாரம் ஏறும்போது தட்டும். இடது பக்கமா வலது பக்கமா என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே சண்டை. வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் பாரம் அதிகம், உள்பக்கச் சக்கரம் அதிகம் ஒடிகிறது. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. நான் காதை விட்டுவிட்டு கிரீஸைத் தேடுவேன். அந்த ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறையான ஆக்சில் பூட் கிழிந்திருந்தால் சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கறுப்பாக கிரீஸ் தெளித்திருக்கும். கிரீஸ் வெளியே போன வழியில் தண்ணீரும் மணலும் உள்ளே போயிருக்கும். சத்தம் தொடங்குவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றித் தப்பிக்கலாம். சத்தம் வந்த பிறகு புது கிரீஸ் வைத்து ஒரு பயனும் இல்லை.

உங்கள் சத்தம் ஒன்றிரண்டு 'டொக்'கோடு நின்றுவிடுகிறது என்பதால் சிவி ஜாயிண்டை நான் பட்டியலில் கீழேதான் வைப்பேன். ஆனால் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்து நண்பர்கள் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வீடு கட்டுகிற ஊர் நம்முடையது. குறுகிய ரோட்டிலிருந்து சட்டென்று முழு ஒடிப்பில் முற்றத்துக்கு ஏற்றுகிறோம், அதே நேரம் ஆக்சிலேட்டரையும் அமுக்குகிறோம். சிவி ஜாயிண்டுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. முடிந்தால் ரோட்டிலேயே வண்டியை நேராக்கிக்கொண்டு ஏற்றுங்கள். 'டக் டக்' என்று தட்டுகிற ஆக்சிலோடு பேச்சிப்பாறையிலிருந்து கோதையார் போகிற மலைப்பாதையில் இறங்கவும் வேண்டாம். ஆக்சில் ஒரு பக்கம் முறிந்தால் வண்டி இழுக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். இறக்கத்தில் கியர் பிடிக்கிற பிடியும் சேர்ந்து போய்விடும், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது என்பது பலருக்குத் தெரியாது.

லிங்க் ராடு மாற்றியும் போகவில்லை என்கிறீர்கள். அது பெரும்பாலும் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது 'கட கட' என்று அடிக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுகிற ஸ்பீடு பிரேக்கரில் அமைதியாக இருக்கும். சத்தம் என்று சொன்னதும் முதலில் லிங்க் ராடை மாற்றுவது நம் ஊர் வழக்கம், விலை குறைவு, வேலையும் எளிது என்பதால். மாற்றியவரைத் திட்ட வேண்டாம், ஆனால் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நட்டை முறுக்கும்போது உள்ளே இருக்கும் பந்துத் தண்டும் சேர்ந்து சுற்றும். நுனியில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் முழு இறுக்கம் கிடைக்காது, புது ராடே அடிக்கும். சந்தேகம் தீர இரண்டு லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கழற்றியும் சத்தம் அதேபோல் இருந்தால் லிங்க் ராடும், ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ்ஷும் நிரபராதி.

ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாறி பிரேக்கை விடும்போது ஒரே ஒரு 'டொக்' வருகிறதா? ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டே முன்னும் பின்னும் நாலைந்து தரம் எடுத்து, ஒவ்வொரு தரமும் பிரேக் மிதித்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் மேல் சந்தேகம் வைக்கலாம். லீவர் போட்டு நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருப்பதால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரும்பிலிருந்து ரப்பர் பிரிந்து, நெம்பும்போது இடைவெளி திறந்தால்தான் கெட்டது. லோயர் ஆர்ம் பூட்டியிருக்கிற அடிச்சட்டமான சப்ஃபிரேமின் போல்ட் தளர்ந்தாலும் இதே சத்தம்தான், அதையும் கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

அதே இடத்தில், லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கிற பந்து மூட்டான பால் ஜாயிண்டையும் பார்க்க வேண்டும். இந்தப் பதிலில் பயப்பட வேண்டிய பார்ட் இதுவும், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் வெளிநுனி மூட்டான டை ராடு எண்டும்தான். மெக்ஃபர்சன் வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் தூண் வழியாகப் போய்விடுகிறது, கீழே இருக்கும் பால் ஜாயிண்ட் ஆர்மை இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் ஜாக்கியை பாடிக்குக் கொடுத்து, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்கின் ஆட்டம் தெரியும். 9-உம் 3-உம் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டும், அதே கம்பியின் பாக்ஸ் பக்கத்து மூட்டான ராக் எண்டும் தெரியும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு இரண்டு லோயர் ஆர்மும் புதிதாகப் போட்டேன். வண்டி லிஃப்டில் தொங்கியபடியே புஷ் போல்ட்டுகளை முழு இறுக்கமாக முறுக்கினேன். ஒரு வருஷம் ஆகவில்லை, அதே வண்டிக்காரர் அதே சத்தத்தோடு வந்து நின்றார். புஷ்ஷின் ரப்பர் உள்ளே இரும்போடு ஒட்டியிருக்கிறது. தொங்குகிற நிலையில் பூட்டிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும், சீக்கிரம் கிழியும். தொங்கும்போது போல்ட்டை வெறுமனே மாட்டிவிட்டு, சக்கரம் தரையில் பாரம் வாங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். அன்று அந்த வேலையை என் செலவில் செய்துகொடுத்தேன். இன்றைக்கும் அவசரத்தில் இதைத் தவறவிடுகிற இடங்கள் இருக்கின்றன. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கேட்பதில் தவறே இல்லை.

ரப்பர் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் துருவுக்குப் பயந்து வண்டியின் அடியில் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் அடிக்கிற பழக்கம் இருக்கிறது. இரும்புக்கு அது கொஞ்சம் நல்லது செய்யலாம். புஷ்ஷில் இருக்கிற ரப்பர் ஆயில் பட்டால் ஊதி, கொழகொழத்து, பிறகு பிய்ந்துபோகும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வாழ்கிற நமக்கு இதை இன்னொருவர் சொல்லித்தரத் தேவையில்லை. கிரீச்சிடுகிற புஷ் எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். எதில் பட்டதும் சத்தம் சற்று நேரம் அடங்குகிறதோ அதுதான். தற்காலிகமாக ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் சிலிகான் ஸ்பிரே போடலாம்.

ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எஸ்டிமேட்டில் விலை கூடியதும் அதுவாகத்தான் இருக்கும். பாக்ஸில் ஆட்டம் இருந்தால் அது உங்கள் கைக்குத் தெரியும். கற்கள் பெயர்ந்த ரோட்டில் நேராகப் போகும்போதே ஸ்டியரிங்கில் 'தட தட' என்று அதிரும். நீங்கள் நேராக ஓடினால் சத்தமில்லை என்கிறீர்கள். பாக்ஸுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில், பெடலுக்குக் கீழே ஒரு சின்ன யூனிவர்சல் ஜாயிண்ட் உண்டு. அது தேய்ந்தும் 'டக்'கென்று அடிக்கும், அதைப் பாக்ஸ் என்று நினைத்து மாற்றியவர்களும் உண்டு. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு அங்குலம் ஆட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் அந்த ஜாயிண்டைத் தொட்டால் தட்டுவது விரலில் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வண்டிக்கு இவை பொருந்துவதாகத் தெரியவில்லை. நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது 'உர்ர்' என்ற இரைச்சல் இடது வளைவில் கூடி வலது வளைவில் குறைந்தால் வலது பக்க வீல் பேரிங் மேல் சந்தேகம், மாறினால் இடது. இரும்பை உரசுகிற 'சர்ர்' என்றால் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கும். முழு ஒடிப்பில் மட்டும் டயர் எங்கோ தேய்கிற சத்தம் என்றால் கிளிப் போன மட்கார்டு லைனரையோ, பெரிய சைஸ் டயரையோ பாருங்கள். ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி கோடியில் நிறுத்திப் பிடித்தால் முனகுவது இயல்பு, சில விநாடிக்கு மேல் அப்படிப் பிடிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துவிடுங்கள், ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு தின்று கடைசிச் சுருள் முறிவது கடலோர வண்டிகளில் நடக்கிறது. முறிந்த துண்டு, ஸ்பிரிங்கைத் தாங்குகிற தட்டில் உட்கார்ந்தே இருப்பதால் வெளியே தெரியாது, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் 'டொக்'கென்று நகரும். கையை வைத்துப் பார்க்கிற சோதனையில் இது மவுண்ட் பேரிங் போலவே தோன்றும். அதனால் டார்ச் அடித்து இரண்டு நுனியையும் பாருங்கள். முறிந்த நுனி டயரை அறுக்கக்கூடும்.

இப்போது என் தீர்ப்பு. ஸ்டியரிங் திரும்பி வராதது, மெதுவாக முழுக்க ஒடிக்கும்போது ஒன்றிரண்டு அடி, நேர் ஓட்டத்தில் அமைதி, கடலோர வாசம் இத்தனையும் சேர்ந்து மவுண்ட் பேரிங்கைக் காட்டுகிறது. பத்துக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்தேகம் லோயர் ஆர்ம் புஷ், ரிவர்ஸில் வருகிறது என்பதால். ஷாக் அப்சார்பர் சத்தத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேரிங் மாற்ற எப்படியும் ஸ்ட்ரட்டை இறக்கியாக வேண்டும். இறக்கியபின் ஷாக் அப்சார்பரின் மேல் ஆயில் வழிந்து தூசி அப்பியிருந்தால், 96,000 ஓடியதற்கு இப்போதே மாற்றிவிடுவது லாபம், இரண்டாம் தரம் கூலி மிச்சம். லேசான ஈரப்பூச்சு மட்டும் என்றால் விட்டுவிடலாம். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். அதனால் அந்த ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். சோதிக்காமல் மொத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் பாக்ஸைத் தவிர மற்றவற்றுக்குக் காரணம் இருக்கவும் கூடும்.

ஓட்டலாமா என்றால், 12-6, 9-3 சோதனையில் ஆட்டம் இல்லை, ஸ்பிரிங் முறியவில்லை என்று உறுதியானபின் இந்த வாரம் நாகர்கோவில் போய்வரலாம். மவுண்ட் பேரிங்கும் லிங்க் ராடும் எரிச்சல் மூட்டுமே தவிர நடுரோட்டில் விடாது. பால் ஜாயிண்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் தெரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி, ரெக்கவரி வண்டி கூப்பிடுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கும், ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

நாளை ஒர்க்‌ஷாப் போனால் 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று சொல்லாதீர்கள். 'நின்ற இடத்தில் திருப்பினால் வருகிறது, வலது ஸ்பிரிங் துள்ளுகிறது' என்று, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். கேட்கிறவர் வேறு மாதிரி வேலை செய்வார். யூடியூப் பார்த்து நீங்களே ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றிவிட வேண்டாம். அழுத்தத்தில் இருக்கிற ஸ்பிரிங் தெறித்தால் முகம் இருக்காது. ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவும் வேண்டாம். ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டில் இருக்கிற படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மாட்டும்போதே பார்க்கச் சொல்லுங்கள், உட்காராவிட்டால் புது பேரிங்கிலும் பழைய 'டொக்' கேட்கும். முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். பிறகு பானட்டைத் திறந்து அந்த இரண்டு மூடியும் தலையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள்.